இக்காலத்து நாழிகைக் கணக்கர்

1996ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் தேதி வெள்ளிக்கிழமை நள்ளிரவில் இலங்கையின் மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. நாட்டில் அப்பொழுது மின்சாரத் தட்டுப்பாடு மிகுந்திருந்தது. மாலை வெளிச்சம் ஒரு மணி நேரம் நீண்டால் விளக்குக்குச் செலவாகும் மின்சாரம் மிஞ்சும் என்பது அரசாங்கத்தார் போட்ட கணக்கு. அக்கணக்கு ஐந்து மாதமே நின்றது. ஒக்டோபர் 26ஆந் தேதி, நள்ளிரவு கடந்து அரை மணியானதும், மணிக்கூடுகள் அரை மணி நேரம் பின்னே இழுக்கப்பட்டன. எஞ்சிய அரை மணியும் 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் தேதி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கழிக்கப்பட்டது. கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய பழைய நேரமே மீண்டும் வழக்குக்கு வந்தது.

சுவரில் தொங்கிய மணிக்கூட்டை வீட்டுக்காரர் வானொலியின் நேர அறிவிப்பைக் கேட்டுத் தாமே திருப்பிக்கொண்டார். ஆனால் வங்கியிலும் விமான நிலையத்திலும் தொலைபேசி நிலையத்திலும் இருந்த கணினிகளுக்கு இம்மாற்றத்தை அறிவித்தவர் யார்? லண்டனில் இருக்கும் ஒரு கணினி கொழும்பின் நேரத்தைக் காட்ட வேண்டுமாயின், அரசாங்கம் இட்ட கட்டளை அதன் காதுக்கு எட்டுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடிப் போனால், எந்த அரசாங்கத்தின் வாயிலிலும் அது போய் நிற்பதில்லை. ஊதியம் கருதாமல் உழைத்த சிலரிடத்திலேயே போய் நிற்கின்றது.

பழந்தமிழ் வேந்தரின் பாசறையில் நீர் வடியும் கன்னலைப் பார்த்திருந்து பொழுதை அளந்து சொல்வோர் இருந்தனர் என்பதை முல்லைப்பாட்டினால் அறிகின்றோம். நாழிகைக் கணக்கர் என்பது அவர்தம் பெயர். வேந்தன் உறங்கினும் அவர் உறங்கலாகாது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்துக் கணினிகளுக்கு அத்தகைய கணக்கர் சிலர் வாய்த்தனர். வேந்தன் மட்டும் இல்லை, படியளப்பாரும் இல்லை.

யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைச் சேர்ந்த கணினிகள் தம்முள்ளே கொண்டுள்ள நேரம் மிக எளியது. 1970ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி தொடங்கிக் கழிந்த வினாடிகளின் தொகையே அது. அத்தொகை கொழும்புக்கும் லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் ஒன்றே. மனிதர் கண்ணுக்குக் காட்டும் வேளையில் மட்டும், அந்தந்த ஊரில் அந்தந்த நாளில் வழங்கும் நேரமாக அதனை மாற்றியாக வேண்டும். தொடக்க நாளிலே அமெரிக்க ஐக்கிய நாட்டின் கோடைகால நேர விதியை நிரலின் உள்ளேயே எழுதி வைத்திருந்தனர். 1986ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டமன்றம் அவ்விதியை மாற்றியது. ஏப்ரல் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக, 1987ஆம் ஆண்டு முதல், அம்மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே கோடை நேரம் தொடங்கும் என்றாயிற்று. சட்டத்தில் ஒரு சொல் மாறியதற்காக நிரல்களையெல்லாம் திரும்ப எழுதுவதா என்னும் இடர் அப்பொழுது எழுந்தது.

மேரிலாந்து மாநிலத்துப் பெதெஸ்டா நகரிலே, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் பணியாற்றிய ஆதர் டேவிட் ஒல்சன் என்பவர் அக்காலத்தில் ஒரு நல்ல வழியைக் கண்டார். விதியை நிரலினின்று பிரித்து விடுதல் வேண்டும். எந்த ஊரில் எந்த நாள் முதல் எந்த நேரம் என்பதை எவரும் படிக்கத்தக்க எழுத்துக் கோப்பிலே எழுதுதல் வேண்டும். சட்டம் மாறினால் கோப்பிலே ஒரு வரியை மாற்றினாற் போதும். நிரலையும் கோப்பையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. பதிப்புரிமை எதுவும் கோராது பொதுச் சொத்தாக்கினார். எடுத்தாளலாம், படியெடுக்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். திறந்த மூல மென்பொருள் என்று இன்று வழங்குவது இதுவே. அப்பெயர் தோன்றுவதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்னதாகவே இது நடந்தது.

நிரல் எழுதுவது சில திங்களில் முடிந்துவிடும் வேலை. முடியாத வேலை அதன் பின்னரே தொடங்கியது. உலகில் எங்கேனும் ஓர் அமைச்சரவை கூடி நேரத்தை மாற்றுகின்றது. அடுத்த வாரமே அது நடைமுறைக்கு வருகின்றது. அதனை ஒருவர் அறிந்து, உண்மையோ என ஆராய்ந்து, கோப்பில் ஏற்றி, புதிய பதிப்பாக வெளியிட வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் கணினியியல் கற்பித்த போல் எகேட் இப்பணியில் முன்னின்றார். பல நாட்டவர் தத்தம் நாட்டு வர்த்தமானியையும் செய்தித்தாளையும் பார்த்து எழுதி அனுப்பினர். 2006ஆம் ஆண்டு இலங்கை மாற்றம்கூட அவ்வாறே சென்றது. அறிவிப்பை எடுத்துக்காட்டிய குறிப்பு கோப்புக் காவலருக்கு எழுதப்பட்டது ஏப்ரல் 14ஆந் தேதி, மாற்றமோ மறுநாள். நேரத்தை மாற்றும் அரசாங்கங்கள் தம் குடிகளுக்குச் சொல்வதோடு கடமை முடிந்ததெனக் கருதுவதே வழக்கம். கணினிக்கும் சொல்ல வேண்டும் என்பது அவற்றின் நினைவுக்கு வருவதில்லை.

கோப்பிலே கொழும்புக்கென இருப்பவை பத்துக்கும் குறைந்த வரிகள். அவ்வரிகளுக்குள் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கியுள்ளது. 1906ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐந்தரை மணி நேரம் ஏற்கப்பட்டது. 1942ஆம் ஆண்டு ஜனவரியில், யுத்தம் காரணமாக அரை மணி கூட்டப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் அது ஒரு மணியாயிற்று. 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின. யுத்த காலத்திற் பிறந்த ஒருவரின் சாதகத்தைக் கணிக்கும் சோதிடர் இதனை அறியாதவராயின், இலக்கினமே பிழைத்துப்போகக் கூடும்.

வரிகளினும் சுவையுள்ளது அவற்றின் மேலே எழுதப்பட்டிருக்கும் குறிப்பு. ஏட்டுச் சுவடிகளுக்கு உரை கண்டோர் பாடபேதங்களைக் குறித்து, இப்பாடம் கொள்ளத்தக்கது, இது தள்ளத்தக்கது என எழுதிச் சென்றதுபோல, இக்கோப்பின் காவலரும் ஒவ்வொரு செய்திக்கும் சான்று எழுதி வைத்தனர். 1899ஆம் ஆண்டில் ஜோன் மில்ன் என்னும் நிலநடுக்க அறிஞர் உலகத்து நேரங்களைத் தொகுத்தார். கொழும்பின் பழைய நேரம் கிறீன்விச்சுக்கு ஐந்து மணி நான்கு நிமிடம் முந்தியது என்பது அவர் கூற்று. ஆனால் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், கொழும்பு நிற்கும் தீர்க்கரேகைக்கு ஐந்து மணி பத்தொன்பது நிமிடம் வருதல் வேண்டும். கால் மணி நேரம் இடிக்கின்றது. ஆகவே மில்ன் கூற்றை எழுதிவைத்து, அதனை இப்போதைக்கு ஒதுக்குகின்றோம் எனக் காரணமும் காட்டி, வேறொரு நூலின் கணக்கை எகேட் ஏற்றுக்கொண்டார். ஒதுக்கப்பட்டதையும் மறைக்காமல் வைத்தமையால், நாளை ஒருவர் தக்க சான்றோடு வந்து வாதிட இடமுண்டு.

இன்னொரு குறிப்பும் இலங்கையர் அறியத்தக்கது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் 1996ஆம் ஆண்டு மாற்றம் ஏற்கப்படவே இல்லை. அங்கே பழைய ஐந்தரை மணி நேரமே வழங்கியது. ஒரே தீவில், அரை மணி வேறுபாட்டில், இரு நேரம். கோப்பின் காவலர் எப்பக்கத்துக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. அப்பகுதியினர் தம் கணினியில் கொல்கத்தா நேரத்தைத் தெரிந்துகொள்ளலாம். 1970ஆம் ஆண்டு முதல் இரண்டும் ஒத்தே வந்துள்ளன என்று 2006ஆம் ஆண்டில் எகேட் குறித்து வைத்தார். எந்த அரசின் கட்டளை முறையானது என்பதன்று அவர் ஆராய்ந்தது. அங்கு வாழ்ந்த மக்களின் மணிக்கூடு என்ன காட்டியது என்பதையே அவர் ஆராய்ந்தார்.

அரசியற் சச்சரவு தம்மைத் தீண்டாதிருக்க அவர்கள் கைக்கொண்ட மற்றோர் உத்தி, நேரப் பகுதிகளுக்கு நாட்டின் பெயரை இடாமல் நகரத்தின் பெயரை இட்டது. நாட்டெல்லை மாறும், நாட்டின் பெயரும் மாறும். நகரம் பெரும்பாலும் நிலைக்கும். ஆனால் நகரத்தின் பெயரும் மாறும் அன்றோ? கல்கத்தா, கொல்கத்தாவாயிற்று. கீயெவ் என்று உருசிய ஒலிப்பில் வழங்கிய உக்ரேன் தலைநகரைக் கீயிவ் என மாற்றக் கோரிப் பல ஆண்டு முறையீடுகள் வந்தன. 2022ஆம் ஆண்டில் அது நிறைவேறியது. பழைய பெயரை நம்பியிருக்கும் கணினிகள் தடுமாறாவண்ணம் அதுவும் மாற்றுப் பெயராக விட்டுவைக்கப்பட்டது.

இங்ஙனம் கால் நூற்றாண்டு நடந்த பணிக்கு 2011ஆம் ஆண்டில் ஓர் இடி விழுந்தது. கொழும்புக் கணக்குக்கு எகேட் ஆதாரமாய்க் கொண்ட நூல் தோமஸ் சாங்க்ஸ் என்பவர் தொகுத்த சர்வதேச அட்டவணை. அது சோதிடருக்காக எழுந்த நூல். பிறந்த ஊரின் பழைய நேரத்தைத் துல்லியமாய் அறியும் தேவை சோதிடருக்கே முதலில் இருந்தமையால், வரலாற்றாசிரியர் தேடாத செய்திகளை அவர்கள் தேடி வைத்திருந்தனர். அந்த அட்டவணையின் உரிமை தன்னுடையது எனச் சொல்லி, சோதிட நிரல் விற்கும் அஸ்ட்ரோலேப் என்னும் அமெரிக்க நிறுவனம், அவ்வாண்டு செப்டெம்பர் 30ஆந் தேதி மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்திலே ஒல்சன் மீதும் எகேட் மீதும் வழக்குத் தொடுத்தது.

ஒக்டோபர் 6ஆந் தேதி ஒல்சன் கோப்புகளை விலக்கிக்கொண்டார். உலகத்துக் கணினிகளில் எத்தனையோ நம்பியிருந்த ஓர் ஆவணம் அன்று அதன் பழைய இடத்தில் இல்லை. பெரிய நிறுவனங்கள் பல அதனைக் காசின்றி எடுத்தாண்டு வந்தன. ஆயினும் வழக்கின் சுமை விழுந்தது இரண்டு தனி மனிதர் தோளில். பொதுக் கிணற்றில் ஊரே நீர் அள்ள, அதனைத் தூர்வாருவோர் இருவரே என்னும் நிலை அதுவரை எவர் கண்ணிலும் படவில்லை. கயிறு அறுந்த அன்றுதான் பட்டது.

எட்டு நாளில் வழி பிறந்தது. இணையத்தின் பெயர்களையும் எண்களையும் நிருவகிக்கும் ஐக்கான் அமைப்பு, ஒக்டோபர் 14ஆந் தேதி, கோப்பின் காவலை ஏற்றுக்கொண்டது. இலக்கமுறை உரிமைகளுக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பின் வழக்கறிஞர் இருவருக்காகவும் வாதிட முன்வந்தனர். இன்ன ஊரில் இன்ன நாளில் இன்ன நேரம் வழங்கிற்று என்பது நடந்த உண்மை. உண்மைக்கு எவரும் பதிப்புரிமை கொண்டாட இயலாது என்பது அவர்கள் நிலை. 2012ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நிறுவனம் வழக்கைக் கைவிட்டது, வருத்தமும் தெரிவித்தது, இனி இதுபற்றி வழக்கிடுவதில்லை என்றும் உறுதி கூறியது. அதே மாதத்தில், 6557 என்னும் இலக்கமிட்ட இணைய ஆவணம் ஒன்று வெளிவந்தது. கோப்பைக் காப்பவர் ஒருவர் விலகினால் அடுத்தவரை நியமிப்பது எவ்வாறு என்பதை அது வரையறுத்தது. ஒல்சன் ஓய்வு பெற, எகேட் பொறுப்பை ஏற்றார்.

பிணக்குகள் அதனோடு ஓயவில்லை. 1970ஆம் ஆண்டுக்குப் பின் ஒரே நேரத்தைக் கொண்ட நகரங்களை ஒன்றாக இணைத்து, 2022ஆம் ஆண்டில் ஒஸ்லோவையும் ஸ்ரொக்ஹோமையும் பேர்லினோடு சேர்த்தார் எகேட். இரண்டாம் உலக யுத்தத்தில் நடுநிலை வகித்த சுவீடனுக்குப் பேர்லினின் யுத்தகால நேரத்தை ஏற்றுவது வரலாற்றுக்குப் பொருந்துமா எனக் கேட்டவர் இருந்தனர். அவர்கள் கேள்வியிலும் நியாயம் உண்டு. பழைய விவரம் அழிக்கப்படாமல் தனிக் கோப்பில் வைக்கப்பட்டது. மொரொக்கோ நாட்டின் விதியோ வேறு வகைத் தொல்லை தந்தது. அந்நாட்டார் ரமழான் மாதத்தில் மணிக்கூட்டைப் பின்னே இழுத்து, நோன்பு முடிந்தபின் முன்னே தள்ளினர். ஆதலால் 2087ஆம் ஆண்டு வரைக்குமான பிறைக்கணக்கைப் போட்டு ஆண்டுதோறும் ஒரு வரி எழுத வேண்டியதாயிற்று. பஞ்சாங்கக் கணிதரும் இதற்கு மேல் என்ன செய்வர்?

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லெபனான் நாட்டில் நடந்ததே எல்லாவற்றினும் விந்தை. மார்ச் 26ஆந் தேதி தொடங்க வேண்டிய கோடை நேரத்தை ரமழான் முடியும்வரை ஒத்திவைப்பதாக, மூன்று நாளுக்கு முன் அந்நாட்டுப் பிரதமர் அறிவித்தார். கோப்பின் புதிய பதிப்பு அதற்கு முதல் நாளே வெளிவந்திருந்தது. உடனே மற்றொன்று வெளியிட்டு ஒத்திவைப்பைச் சேர்த்தனர். ஆனால் மரோனைற் திருச்சபையும் தொலைக்காட்சி நிலையங்கள் சிலவும் கட்டளையை ஏற்க மறுத்துக் குறித்த நாளிலேயே மணிக்கூட்டை மாற்றின. பெய்ரூத் நகரத்தில் ஒருவர் வீட்டில் எட்டு மணியாயிருக்க, அடுத்த வீட்டில் ஒன்பது மணி. 27ஆந் தேதி அமைச்சரவை கூடித் தன் முடிவை மீட்டுக்கொண்டது. மறுநாளே மூன்றாவது பதிப்பு வந்தது. ஒரு வாரத்துள் மூன்று பதிப்புகள். மூன்றாவதன் விதிகளும் நிரலும் முதலாவதினின்று எவ்வகையிலும் வேறுபடவில்லை.