தொட்டியைச் சுற்றி ஒரு சுவர்

ஜெனரேட்டரின் டீசல் டேங்கைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு சுவர் இருப்பதைப் பல குடியிருப்புகளில் பார்க்கலாம். டேங்க் பொத்துக்கொண்டால் டீசல் அங்கேயே தேங்கி நிற்பதற்கான ஏற்பாடு அது. அப்படியொரு சுவர் ஒழுங்காக இல்லாததால் சுமார் 3 லட்சம் பேர் குடிநீர் இழந்தார்கள். நடந்தது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், 2014-ல்.

ஜனவரி 9 காலை, தலைநகர் சார்ல்ஸ்டனில் அதிமதுர வாசனை வீசியது. நாட்டு மருந்துக் கடையில் நமக்குப் பழகிய வாசனைதான். புகார்கள் வரவே, சுற்றுச்சூழல் அதிகாரிகள் எல்க் ஆற்றங்கரையில் ஃப்ரீடம் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் கிடங்குக்குப் போனார்கள். நிலக்கரி கழுவப் பயன்படும் எம்.சி.எச்.எம். என்ற ரசாயனம், ஒரு பழைய தொட்டியின் துருப்பிடித்த அடித்தகட்டிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க வைத்திருந்தது ஒரு சிமென்ட் பிளாக்கும், உறிஞ்சும் தூள் ஒரு மூட்டையும். அவ்வளவுதான்.

சுற்றுச்சுவர் இல்லாமல் இல்லை. ஆனால் அது விரிசல் விட்ட பிளாக் சுவர். தரையோ சரளையும் மண்ணும். இத்தகைய சுவர், உள்ளிருக்கும் மிகப்பெரிய தொட்டி முழுவதும் கொட்டினாலும் தாங்கி, மழைக்கும் கொஞ்சம் இடம் விடவேண்டும். தரையும் கசியக்கூடாது. மழைநீரை வெளியேற்றும் வால்வு மற்ற நேரங்களில் மூடியே இருக்கவேண்டும். சுவரை மட்டும் எழுப்பிவிட்டுத் தரையை மறந்தால் அது அடியில்லாத அண்டா.

சுவரின் நிலைமை முன்பே தெரிந்ததுதான். நிறுவனம் கைமாறியபோது, அதைச் சீர்செய்ய 10 லட்சம் டாலர் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். வேலைதான் நடக்கவில்லை. சங்கம் நடத்துபவர்களுக்கு இது புதிய கதையல்ல!

சுமார் 38,000 லிட்டர் கசிந்தது. நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் இடம் ஆற்றில் வெறும் இரண்டரை கிலோமீட்டர் கீழே. அன்று மாலையே உத்தரவு வந்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்கக்கூடாது, சமைக்கக்கூடாது, குளிக்கக்கூடாது, கழிவறைக்கு மட்டும் ஊற்றலாம். 9 மாவட்டங்களில் பல நாள் இதே நிலைமை.

சட்டத்திலும் ஓட்டை இருந்தது. அந்தத் தொட்டிகளில் முன்பு இருந்தவை பெட்ரோலியப் பொருள்கள். எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 1970-களிலேயே வந்துவிட்டது. எம்.சி.எச்.எம். எண்ணெய் அல்ல, எனவே அந்த விதி அதைத் தொடவில்லை.

எட்டே நாளில் நிறுவனம் திவால் மனு போட்டது. முன்னாள் தலைவருக்கு 2016-ல் 30 நாள் சிறை. விபத்து நடந்த சில வாரங்களிலேயே தொட்டிகளுக்கென்று தனிச் சட்டம் நிறைவேறியது; ஆய்வும் இரண்டாம் தடுப்பும் கட்டாயமாயின. மறு ஆண்டே அதே சட்டமன்றம் ஏராளமான தொட்டிகளுக்கு விலக்கு அளித்தது.