சிப்கோவுக்கு முன்னால் ஒரு ஏலம்

சிப்கோ இயக்கம் என்றால் நமக்கு ஞாபகம் வருவது, மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் மலைப் பெண்களின் படம். எனக்கும் அப்படித்தான். கொஞ்சம் பின்னால் போய்ப் படித்தபோதுதான் தெரிந்தது, அது ஆரம்பத்தில் ஒரு காண்ட்ராக்ட் பிரச்சினை என்று. இருபது வருஷமாக ஐ.டி.யில் டெண்டர், கொட்டேஷன் என்று பார்த்துப் பழகிவிட்டதாலோ என்னவோ, அந்தப் பகுதியிலேயே நின்றுவிட்டேன்.

இடம், இமயமலையில் அலக்நந்தா பள்ளத்தாக்கு, சமோலி மாவட்டம். இன்று உத்தரகண்ட், அன்று உத்தரப் பிரதேசம். காடு அரசாங்கத்துடையது. வனத்துறை மரத்தை ஏலம் விடும். சமவெளியிலிருந்து காண்ட்ராக்டர் வந்து எடுப்பார். ஆட்களைக்கூடப் பெரும்பாலும் அவரே வெளியிலிருந்து கூட்டி வருவார். ஊர்க்காரருக்கு மிஞ்சியது மொட்டை மலைச்சரிவு.

சண்டி பிரசாத் பட் அந்த ஊர்க்காரர். பஸ் கம்பெனியில் புக்கிங் கிளார்க்காக இருந்து, சர்வோதய இயக்கத்துக்கு வந்தவர். 1964-ல் கோபேஷ்வரில் தசோலி கிராம ஸ்வராஜ்ய சங்கம் உருவாகிறது. நோக்கம் மரத்தைக் காப்பது இல்லை. ஊரில் வேலை உண்டாக்குவது. விவசாயக் கருவி செய்யும் சின்னப் பட்டறை, பைன் மரப் பிசினிலிருந்து டர்பன்டைன் எடுக்கும் சின்ன ஆலை. இவர்களும் வனத்துறை ஏலத்தில் கலந்துகொண்டார்கள். "நாமே எடுத்தால் கூலி ஊருக்குள்ளேயே நிற்குமே" என்ற எளிய கணக்கு.

கணக்கு சரி. ஏலத்தில்தான் தோற்றார்கள். பெரிய காண்ட்ராக்டர் ஒருமுறை நஷ்டப்பட்டாவது கூடுதல் விலை கேட்க முடியும். சின்னச் சங்கத்தால் முடியாது. பிசின் விஷயத்திலும் அப்படித்தான். பரேலியில் இருந்த பெரிய ஆலைக்கு ஒரு விலை, உள்ளூர்ச் சங்கங்களுக்கு அதைவிட அதிக விலை. 1971 அக்டோபரில் இந்த முறையை எதிர்த்து கோபேஷ்வரில் ஊர்வலமே நடந்தது.

அப்புறம்தான் 1973. கலப்பை, நுகத்தடி செய்ய ஆஷ் மரம் வேண்டும் என்று சங்கம் கேட்டது. வனத்துறை மறுத்தது. அதே மரம் அலகாபாத்தில் இருந்த விளையாட்டுச் சாமான் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டது. உழுகிறவனுக்கு இல்லாத மரம் டென்னிஸ் மட்டைக்கு உண்டு! கோபம் வராதா? ஏப்ரலில் மண்டல் கிராமத்தில் ஜனங்கள் திரண்டார்கள். கம்பெனி ஆட்கள் மரம் வெட்டாமலேயே திரும்பினார்கள். 'சிப்கோ' என்ற சொல்லுக்கே 'ஒட்டிக்கொள்' என்றுதான் அர்த்தம்.

அடுத்த வருஷம் ரேணி காட்டில் சுமார் 2,500 மரங்கள் ஏலம் போயின. 1974 மார்ச் 26 அன்று ஊர் ஆண்கள் எல்லாரும் நில இழப்பீடு வாங்க சமோலிக்குப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வெட்டும் ஆட்கள் வந்தார்கள். கௌரா தேவியும் சுமார் இருபத்தேழு பெண்களும் போய் மறித்தார்கள். நாம் பார்க்கும் படங்களுக்குப் பின்னால் இருப்பது இந்த நாள்தான்.

அதன் பிறகு அரசு அமைத்த குழுவின் பரிந்துரைப்படி, மேல் அலக்நந்தா பகுதியில் பத்து வருஷத்துக்கு மரம் வெட்டத் தடை வந்தது. தனியார் காண்ட்ராக்டரின் இடத்துக்கு அரசு வனக் கழகம் வந்தது. சங்கம் கேட்டது அதுவா? இல்லையே. அவர்கள் கேட்டது, தங்கள் காட்டில் தங்களுக்கும் ஒரு பங்கு. காண்ட்ராக்டர் போனார், ஏலத்தின் இடத்தில் இலாகா உட்கார்ந்தது. ஊர் வெளியேதான் நின்றது.

ஆனால் சங்கம் சும்மா இருக்கவில்லை. எழுபதுகளின் நடுவிலிருந்து முகாம் போட்டு, சரிவுகளில் மரம் நட ஆரம்பித்தார்கள். மரம் எடுக்க ஏலம் கேட்டவர்கள் மரம் நடுகிறவர்களானார்கள். பட்டுக்கு 1982-ல் மகசேசே விருது கிடைத்தது.

இப்போதெல்லாம் டெண்டரில் 'தகுதி நிபந்தனைகள்' என்ற பக்கம் வந்தால் கொஞ்சம் நிதானமாகப் படிக்கிறேன். இத்தனை கோடி டர்ன்ஓவர், இத்தனை வருஷ அனுபவம், இவ்வளவு முன்பணம். யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்கணும் என்று அந்தப் பக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. காடாக இருந்தாலும் சரி, சாஃப்ட்வேராக இருந்தாலும் சரி. வித்தியாசம் ஒன்றுதான்: எங்கள் ஏலத்தில் தோற்றால் ஒரு ப்ராஜெக்ட் போகும். அவர்களுக்கு மலைச்சரிவே போனது.