கருத்துக்கேட்பும் கலந்தாய்வும்: இசபெல்லா அணைச் சீரமைப்பு உணர்த்துவது

புதிய அணை ஊர்களை மூழ்கடிக்கும். பழைய அணையைச் சீரமைக்கும் பணியோ, ஏற்கெனவே நிற்கும் கரையை வலுப்படுத்துவதும் கலிங்கை அகலப்படுத்துவதும் கசிவை அடைப்பதுமே என்பதால், அதில் மக்களைக் கலந்துகொள்ள என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால் வெள்ளத் தடுப்பு அணைகளுள் பல, அங்கு வாழ்ந்தவர்களைக் கேட்கும் வழக்கமோ சட்டமோ இல்லாத காலத்தில் கட்டப்பட்டவை. முதல்முறை கேட்காமல் விட்டதைக் கேட்பதற்குக் கிடைக்கும் இரண்டாம் வாய்ப்பாகவே சீரமைப்பைக் கருத வேண்டும்.

கேளாமல் கட்டியதன் கடுமையான சான்று பென்சில்வேனியா மாநிலத்துக் கின்சுவா அணை. பிட்ஸ்பர்க் முதலிய கீழ்நிலை நகரங்களை அலெகேனி ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பதற்காக எழுந்த அவ்வணை, செனெகா மக்களின் நிலத்தில் சுமார் 10,000 ஏக்கரை நீருக்குள் தள்ளி, ஏறத்தாழ 600 பேரை இடம்பெயர்த்தது. அந்நிலத்தில் அவர்களுக்குத் தொல்லை தருவதில்லை என்று 1794ஆம் ஆண்டின் கேனண்டேகுவா ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசு உறுதியளித்திருந்தது. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முன்னாள் தலைவரான ஆர்தர் மார்கன் மாற்றுத் திட்டம் ஒன்றை முன்வைத்தும், செனெகா மக்கள் 1961இல் அதிபர் கென்னடியிடம் முறையிட்டும் பணி நிற்கவில்லை. 1965இல் அணை முடிந்தது.

கலிபோர்னியாவின் இசபெல்லா அணையின் கதை இவ்வளவு பேசப்படாதது. எனினும் சீரமைப்பைப் பற்றிய கேள்விக்கு அதுவே நெருக்கமானது. கெர்ன் ஆற்றின் இரு கிளைகள் கூடுமிடத்தில், ராணுவப் பொறியாளர் படை 1948இல் தொடங்கி 1953இல் முடித்த இவ்வணை, முதன்மைக் கரை, துணைக் கரை என்னும் இரண்டு மண்கரைகளால் ஆனது. சுமார் 40 மைல் கீழே பேக்கர்ஸ்ஃபீல்டு நகரம் இருக்கிறது. துணைக் கரையில் கசிவு கண்டறியப்பட்டதால் 2006இல் நீர்மட்டம் கட்டாயமாகக் குறைக்கப்பட்டது. கட்டியபோது உறங்கிக் கிடப்பதாகக் கருதப்பட்ட கெர்ன் பள்ளத்தாக்குப் பிளவு, அதாவது நிலநடுக்கத்தில் நிலம் நழுவும் கோடு, உயிர்ப்புடன் அக்கரையின் அடியிலேயே செல்வதும் தெரியவந்தது. பிறகு வகுத்த திட்டத்தின்படி இரு கரைகளும் 16 அடி உயர்த்தப்பட்டன. கூடுதல் நீரைத் தேக்குவது இதன் நோக்கமன்று. பெருவெள்ளம் கரையின் தலைமீது வழிந்து மண்ணை அரித்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இரு கரைகளுக்கும் இடையில், மடிப்பு மடிப்பாக வளைந்து செல்வதால் குறுகிய இடத்திலேயே நீண்ட விளிம்பில் நீரை வழியவிடும் அவசரக் கலிங்கு ஒன்றும் கட்டப்பட்டது. பணி 2022இல் முடிவுற்றது.

இந்தப் பள்ளத்தாக்கு தூபதுலபால் மக்களின் தாயகம். அங்குள்ள கருங்கற் பாறைகளில் உள்ளங்கை அகலத்தில் வரிசையாகக் குழிகள் தேய்ந்திருப்பதைக் காணலாம். ஓக் மரக் கொட்டைகளை இடித்து மாவாக்கி, நீர் ஊற்றி ஊற்றிக் கசப்பை நீக்கிக் கஞ்சி காய்ச்சுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அமர்ந்து இடித்ததால் விழுந்த குழிகள் அவை. பாறையிலேயே அமைந்த உரல் என்றால் தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும். அணைக்கு அருகிலுள்ள கீஸ்வில்லில் 1863 ஏப்ரலில் படைவீரர்கள் சுமார் 35 பழங்குடி ஆண்களைக் கொன்றனர். ஆகவே கரை உயர்த்த மண் தோண்டும் குழியும், பாறை உடைக்கும் இடமும், லாரி ஓடும் பாதையும் எங்கே அமையும் என்பது, இம்மக்களுக்குத் தம் முன்னோரின் அடுப்படியையும் புதைகுழியையும் பற்றிய கேள்வியாகிறது.

சட்டம் இங்கே இருவேறு வழிகளைத் திறக்கிறது; இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பெரும்பாலான குழப்பத்துக்கு வேர். 1970 முதல் நடைமுறையிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின் கீழ் 2025 வரை இருந்த விதிகள், வரைவுத் தாக்க அறிக்கையை வெளியிட்டு, குறைந்தது 45 நாள் எவரும் கருத்துச் சொல்ல இடம் தந்தன. இது கருத்துக்கேட்பு: படகு விடுபவரும் கடை வைத்திருப்பவரும் பாசன விவசாயியும் ஒரே வரிசையில் நின்று பேசுவார்கள்; பேசியது பதிவாகி அச்சேறும். 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தில் 1992இல் செய்யப்பட்ட திருத்தமோ, ஓர் இடத்தைத் தெய்வமாகவும் மரபாகவும் போற்றும் பழங்குடியோடு அரசு கலந்தாய வேண்டும் என்கிறது. இது ஓர் அரசு இன்னோர் அரசோடு அமர்ந்து பேசுவதற்கு ஒப்பானது.

இவற்றின் இயல்பே எதிரெதிர். கருத்துக்கேட்பு எவ்வளவு வெளிப்படையோ அவ்வளவு நல்லது; கலந்தாய்வுக்கோ பல வேளைகளில் மறைவு வேண்டும். புதைகுழி இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து வெளியிட்டால், பழம்பொருள் திருடுவோருக்கு வழி காட்டியதாகிவிடும். அதனால்தான் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டமே அத்தகைய இடங்களின் விவரத்தை வெளியிடாமல் காக்க வகை செய்கிறது. பழங்குடி மூதாட்டி ஒருவர் பொதுக்கூட்டத்தில் வாய் திறக்கவில்லை என்பதை ஆட்சேபமின்மை என்று பதிவுசெய்யும் அதிகாரி, மௌனத்தின் பொருளை அறியாதவர்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. கலந்தாய்வு உரிமை முழுமையாகக் கிடைப்பது நடுவண் அரசின் ஏற்பைப் பெற்ற பழங்குடிகளுக்கு மட்டுமே. இசபெல்லாச் சீரமைப்பு திட்டமிடப்பட்ட ஆண்டுகளில் தூபதுலபால் மக்களுக்கு அந்த ஏற்பு இல்லை. 1851, 1852ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியப் பழங்குடிகளோடு கையெழுத்தான 18 ஒப்பந்தங்களை அமெரிக்க மேலவை ஏற்க மறுத்து, 1905 வரை மறைவாகவே வைத்திருந்ததன் நீண்ட நிழல் இது. ஏற்பில்லாதவர்கள் ‘அக்கறையுள்ள தரப்பினர்’ என்ற தகுதியில் பேச்சில் சேர விதிகள் இடம் தருகின்றன. ஆனால் சேர்ப்பது அதிகாரியின் மனத்தைப் பொறுத்தது. எலும்புகள் வெளிப்பட்டால் உரிமை கோர வழிசெய்யும் 1990ஆம் ஆண்டுச் சட்டமும், நேரடி வழித்தோன்றல் என நிறுவ இயலாதவர்களுக்கு அந்த ஏற்பு இருந்தால்தான் கைகொடுக்கும். ஆற்றின் பெயர்களையும் பாறைகளின் வரலாற்றையும் அறிந்தவர் வாயிலில் நிற்க, தொலைவில் வாழும் ஏற்புபெற்ற குடியினர் மட்டுமே உள்ளே அழைக்கப்படும் நிலை நீதியாகாது.

காலமும் இதில் முக்கியம். மண் எடுக்கும் இடம் முடிவாகி, ஒப்பந்தப்புள்ளி கோரிய பிறகு நடத்தும் கலந்தாய்வில், தோண்டும்போது அருகில் நின்று பார்க்க ஒரு கண்காணிப்பாளரை அமர்த்துவது தவிர மாற்ற எதுவும் மிஞ்சாது. பணியால் எந்நிலம் பாதிக்கப்படும் என்று எல்லைக்கோடு வரையும் முதல் நாளிலேயே அக்கோட்டை வரையும் மேசையில் பழங்குடியினரும் அமர்ந்திருந்தால், பாதையைச் சற்று வளைப்பதும் மண்ணை வேறிடத்தில் எடுப்பதும் சிறு செலவில் முடியும். இசபெல்லாவில் கலிங்கு தோண்டி எடுத்த பாறையே கரைகளை உயர்த்தவும் பயன்பட்டது. வெளியிலிருந்து பொருள் கொண்டுவருவது எவ்வளவு குறைகிறதோ, தொடாமல் விடக்கூடிய நிலம் அவ்வளவு கூடும். பொறியியல் சிக்கனமும் முன்னோர் நிலத்தின் காப்பும் இவ்வாறு ஒரே வழியில் செல்லவும் கூடும்.

கீழ்நிலை நகரத்து மக்களின் உயிரைக் காக்கும் கரை வலுப்பட வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அக்கரைக்கு மண் தோண்டும் இடத்தை முடிவுசெய்யும் முன்பே, அரசின் ஏற்புப் பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அம்மண்ணுக்குரிய குடியைத் தேடிச் சென்று கேட்பது திட்டமிடுவோரின் முதற் கடமை.