கம்பும் கவ்வாத்துக் கத்தியும்

மலையக மக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள், அவர்கள் தென்னிந்தியாவிலிருந்து எவற்றையெல்லாம் கொண்டுவந்தார்கள் என்று ஒரு பட்டியல் தருவது வழக்கம். மாரியம்மன் வந்தாள், முனியாண்டி வந்தார், தப்பு வந்தது, காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் வந்தன. பட்டியலின் கடைசியில் 'சிலம்பம் முதலியன' என்று இரண்டு சொற்கள் இருக்கும். அங்கே ஒதுங்கிக் கிடக்கும் அந்தக் கம்பைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன், நேயர்களே.

நெடுநாளாக என் மனத்தில் இருந்துவரும் கேள்வி ஒன்று. இருள் பிரியுமுன் பிரட்டுக்குப் போய், செங்குத்தான மலையில் கான் வெட்டி, முள்ளுக் குத்தி, கவ்வாத்து வெட்டி, உர மூட்டை சுமந்து, மாலையில் லயத்துக்குத் திரும்பும் மனிதன் அதற்குப் பிறகும் எதற்காகக் கம்பெடுத்துச் சுற்றினான்? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தேகப்பயிற்சி வேண்டும் என்பது விளங்குகிறது. நாள் முழுவதும் உடம்பையே செலவழித்தவனுக்கு அது ஏன்? ஒரு நாள் உற்சாகத்தில் செய்தான் என்றால் விட்டுவிடலாம். ஆண்டுக்கணக்கில் செய்தான், தன் மகனையும் செய்ய வைத்தான்.

இக்கலை மலையில் எப்போது வேரூன்றியது என்று அறியத் தேயிலையின் கதையைத்தான் பார்க்க வேண்டும். 1820களில் தொடங்கிய கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் திரும்பினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பசிக்கும் கொள்ளைநோய்க்கும் வழிநெடுக உறவுகளைப் பறிகொடுத்துவிட்டு மலையேறியவர்கள் அவர்கள். அப்படி வந்துபோகும் கூட்டத்தில் ஒருவன், ஊரில் கற்ற கம்பை ஓர் இரவு ஆடிக்காட்டியிருக்கலாம். இன்னொருவனுக்குக் கற்றுக்கொடுத்திருப்பது கடினம். சிலம்பத்துக்கு வாத்தியாரும் மாணவனும் ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் கோப்பி இலையில் நோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகு தோட்டத்துக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்பட்டது, கொழுந்து பருவம் பார்ப்பதில்லை அல்லவா! குடும்பம் குடும்பமாக லயங்களில் குடியேறினார்கள். 1884 இல் ஹட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்து சேர்ந்தது. துரைமார் தம் இலாபத்துக்காக மனிதரை ஓரிடத்தில் கட்டிப்போட்டார்கள். அந்தக் கட்டுக்குள்தான் ஒரு கலைக்கு வேண்டிய காலம் கிடைத்தது என்பது என் ஊகம். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி என்று பல சீமைகளிலிருந்து வந்தவர்கள் அடுத்தடுத்த காம்பிராக்களில் இருந்ததால், ஒருவர் அடவை மற்றவர் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் வாய்த்திருக்கும்.

கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்க வேண்டும். நல்ல மூங்கிலாகப் பார்த்து, நீரில் ஊறப்போட்டு, எண்ணெய் தடவிப் பதப்படுத்துவார்கள். ஆனால் கம்பு கைக்கு வருவது பிற்பாடுதான். முதலில் காலடி. மண்ணைத் தொட்டு வணங்கி, வெறுங்காலுடன், முன்காலும் பின்காலும் மாற்றி மாற்றி, திரும்பி, சதுரமும் முக்கோணமுமாய் அடியெடுத்து வைக்கப் பழக வேண்டும். எங்கள் தோட்டத்து வாத்தியாரிடம் கம்பு கேட்டுக் கெஞ்சியவனுக்கு இன்னும் ஒரு மாதம் காலடிதான் கிடைக்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் பாடம் இலகுவில் வந்தது. ஆடி மழையில் வழுக்கும் மலைப்பாதையில் நடந்து பழகிய கால்கள் அவை. அதன் பின் சலாம் வரிசை. பிறகு வீச்சு, சுற்று, குத்து, தட்டு. ஒற்றைக் கையில் ஒன்று, இரட்டைக் கையில் ஒன்று, வலம் சுற்றியதை அத்தனை தடவை இடமும் சுற்ற வேண்டும்.

இந்த 'இடமும்' என்பதில்தான் என் கேள்விக்கான விடையின் ஒரு பாதி இருக்கிறது என நினைக்கிறேன். கவ்வாத்து வெட்டுபவனைக் கவனித்துப் பாருங்கள். குனிந்த முதுகு, ஒரே கை, ஒரே வெட்டு, ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை. மூட்டை சுமப்பவனுக்கு ஒரு தோள். மண்வெட்டிக்காரனுக்கு ஓர் இடுப்பு மடிப்பு. இந்த வேலைகள் வலுவைத் தராமல் இல்லை. ஆனால் உடம்பை ஒரு பக்கமாகத் தேய்த்து, நாற்பது வயதில் கூனாக்கிவிடும் வலு அது. கம்பு சுற்றும்போது முதுகெலும்பு நிமிர்ந்தே ஆகவேண்டும், மார்பு விரிய வேண்டும், இடது மணிக்கட்டும் வலது மணிக்கட்டைப் போல வளைந்துகொடுக்க வேண்டும். பகலில் கோணியதை மாலையில் நிமிர்த்தும் வைத்தியம் என்று இதைச் சொல்லலாம். பழைய வாத்தியார்கள் இதை உடற்கூற்று நூல் படித்துச் சொல்லவில்லை. "வேலைக்காரக் கை வெறைச்ச கை, அதை முதல்ல எளக்கணும்" என்பார் எங்கள் வாத்தியார்.

தனியாகப் பாரம் தூக்கிப் பயிலும் முறையும் தமிழருக்குப் புதிதன்று. தண்டால், பஸ்கி, தென்பாண்டிச் சீமையின் இளவட்டக்கல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கர்லாக்கட்டை. இந்தக் கர்லாக்கட்டையின் பயணம் சுவையானது. இந்தியாவில் இதைக் கண்ட ஆங்கிலப் படையினர் தம் நாட்டுக்கு எடுத்துப் போனார்கள். 1834 இல் டொனால்ட் வோக்கர் வெளியிட்ட தேகப்பயிற்சி நூலில் 'இந்தியக் கட்டை' என்ற பெயரோடு அது இடம்பெற்றது. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் அதைச் சுழற்றுவது ஒரு மோகமாகவே இருந்தது. 1904 இல் செயின்ட் லூயிஸிலும் 1932 இல் லொஸ் ஏஞ்சல்ஸிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டி நிகழ்ச்சியாகவே இருந்தது. நம் மலைகளில் பங்களாவில் வாழ்ந்த துரை, தன் பள்ளி நாட்களில் 'இந்தியக் கட்டை' சுழற்றித் தோள் வளர்த்தவராக இருந்திருக்கலாம். கீழே லயத்து வாசலில் அதைச் சுழற்றுகிறவன் அவருடைய செக்ரோலில் ஒரு பேர். பேர் என்றால் ஒரு நாள் வேலை. பாதி வேலை செய்தவனுக்கு அரைப்பேர். இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு பயணம் நடந்தது. யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பிய பலசாலி 1904, 1905 வாக்கில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்ய, அவர் பெயரே தமிழில் ஒரு பட்டமாகிவிட்டது. சாண்டோ சின்னப்பா தேவரைத் தெரியாத தமிழ் சினிமா ரசிகர் உண்டா?

என் கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன். ஒருவன் சலிக்காமல் பயிலுவதற்கு அவனுடைய மனவுறுதியே காரணம் என்று நூல்கள் எழுதப்படுகின்றன. மலையகத்தில் நான் கண்டது வேறு. அங்கே பயிற்சிக்கு நாட்காட்டி இருந்தது. மாசி அமாவாசைக்குப் பின் காமன் ஊன்றுவார்கள். சித்திரையில் பல தோட்டங்களில் அம்மன் திருவிழா. அருச்சுனன் தபசில் நடிப்பவன் நெடிய மரத்தில் பாடிக்கொண்டே ஏற வேண்டும். மூச்சும் தோளும் இல்லாதவன் அந்த வேடத்தைக் கேட்கக்கூட முடியாது. சாமி ஊர்வலத்தின் முன்னே கம்பு ஆடுகிறவனைப் பத்து லயத்துச் சனமும் பக்கத்துத் தோட்டத்துச் சனமும் பார்க்கும். மாமன் பார்ப்பான், மாமன் மகளும் பார்ப்பாள். 'இன்னாரின் மகன் போன வருஷத்துக்கு இந்த வருஷம் கை தளர்ந்துவிட்டான்' என்று ஒரு கிழவி சொல்லிவிட்டால், அவன் அடுத்த நாள் மாலையே இஸ்தோப்பில் தூக்கிவைத்த கம்பை எடுப்பான். காமன் பொட்டல் என்ற அந்தச் சிறு மண்தரைதான் அவனை ஆண்டு முழுவதும் எழுப்பிவிட்டது.

அதோடு தப்பு. இதைக் கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு அழைத்தது தப்பொலி. சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய 'தேயிலைத் தோட்டத்திலே' கவிதையில் அந்த ஒலியில் விடியும் காலையைக் காணலாம். மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்து, 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவருக்கு, அந்த ஒலியின் இரண்டு முகங்களும் தெரியும். காலையில் 'உன் உடம்பு தோட்டத்துக்குச் சொந்தம், எழுந்து வா' என்று சொன்ன அதே தோற்கருவி, மாலையில் கம்புக்காரனின் காலடிக்குத் தாளம் கொடுத்தது. அடி மெல்லத் தொடங்கி, நடை மாறி, உருவேறும்போது, களைத்து வந்தவனின் கால் தானாகவே எழும். இதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தன் உடம்பு தனக்கும் உரியது என்ற உணர்வு பிறகு வேறு வடிவங்களிலும் வெளிப்பட்டது. 1940 ஜனவரி 10 ஆம் திகதி முல்லோயாவில் சம்பள உயர்வுப் போராட்டத்தின்போது பொலிஸ் குண்டுக்குப் பலியான கோவிந்தனின் பெயர் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றிருப்பதை நேயர்கள் அறிவீர்கள். சிலம்பம் அந்தப் போராட்டங்களை உண்டாக்கியது என்று சொன்னால் அது மிகை. நிமிர்ந்து நிற்கப் பழகிய மனிதர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள் என்று மட்டும் சொல்வேன்.

இந்த வரிசை அறுந்தது எப்படி? 1948 இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று கூறுபோட்டது. மீந்திருந்த 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டன. தலைமன்னாருக்குப் போன புகைவண்டிக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஏறியவர்களில் வாத்தியார்களும் இருந்தார்கள். எங்கள் வாத்தியார் போனபோது நாங்கள் கற்றிருந்தது பாதிதான். ஒரு தோட்டத்தில் வாத்தியார் போவார், இன்னொரு தோட்டத்தில் தப்படிப்பவர் போவார், மற்றொன்றில் மாணவர்கள் போவார்கள். மூன்றும் சேர்ந்தால்தான் அது சிலம்பம்.

அந்த வெற்றிடத்தில் கராத்தே வந்தது. 1973 இல் வெளியான புரூஸ் லீயின் 'என்டர் த டிராகன்' படத்துக்குப் பிறகு, காற்றில் காலை வீசாத இளைஞன் எங்கள் வட்டாரத்தில் இல்லை. கராத்தேயை நான் குறை சொல்லவில்லை. அதற்கும் ஓர் ஊக்க முறை உண்டு. ஜப்பானில் 1882 இல் ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ தேர்ந்தவர்களைக் கறுப்புப் பட்டியால் அடையாளப்படுத்தினார். 1924 இல் புனகோஷி அதைக் கராத்தேக்கு எடுத்துக்கொண்டார். பின்னர் பல நிறப் பட்டிகள் வந்தன. ஒவ்வொரு நிறமும் மாணவனை அடுத்த நிறத்துக்கு இழுக்கும். பட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம். காமன் பொட்டலை அப்படிக் கொண்டுபோக முடியாது. அங்கே பெற்ற பேரும் அந்தத் தோட்டத்தைத் தாண்டினால் செல்லாது. இந்த இரண்டில் எது மேல் என்று கேட்டால், தோட்டத்தை விட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகவேண்டிய பையனுக்குப் பட்டிதான் உதவும் என்பேன், மனமில்லாமல்.

இன்னொரு விடயத்தைச் சொல்லாமல் பலத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. தசை சுமையினால் மட்டும் வளர்வதில்லை. உணவும் ஓய்வும் வேண்டும். 1973, 1974 பஞ்சத்தில் தோட்டங்களில் மாவும் அரிசியும் இன்றி மக்கள் மடிந்தார்கள். அது போகட்டும், பழங்கதை என்பீர்கள். 2016 ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்குப் 17 பேர் அளவில் இருந்தார்கள். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர் அளவில். நெற்றி உயரத்துக்குக் கம்பு வெட்டும் மரபில் இந்தக் கணக்கு எனக்கு வேறு விதமாக உறைக்கிறது. பிள்ளையின் கம்பே குட்டையாகிப் போகிறது.

பெண்களைக் களத்துக்கு வெளியே நிறுத்தியதும் நம் தவறு. மலையிலேயே உறுதியான கால்கள் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கும் பெண்களுடையவை. ஆயினும் பல தலைமுறைகளாக அவர்கள் சுற்றி நின்று பார்த்தவர்கள்தாம். இப்போது பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் பெண்பிள்ளைகளையும் காண்கிறேன். தமிழ்நாட்டில் 2021 இல் அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்ட செய்தி இங்கேயும் பெற்றோர் காதில் விழுந்திருக்கிறது.

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அப்படியொரு வகுப்பை அண்மையில் பார்த்தேன். பதினைந்து பிள்ளைகள் இருக்கும், பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். தப்படிக்க ஆளில்லை. சாதிப் பேர் ஒட்டிவிடும் என்று இளைஞர்கள் அதைத் தொட மறுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. தாளம் கைபேசியிலிருந்து வந்துகொண்டிருந்தது. வாத்தியார் வணக்கத்தைத் தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ரொட்டியும் சாயத்தண்ணியும் என்றவர்களை ஒரு பக்கமாக நிறுத்தி, இன்று உங்களுக்குக் காலடி மட்டும் போதும் என்றார். அந்தப் பக்கம் ஒன்பது பேர் நின்றார்கள்.