உள்ளக் காவலும் பால்மரக் காடும்

மனிதன் தன் விளைநிலத்தைக் காக்க வேலியிட்டான். வீட்டைக் காக்கக் கதவிட்டான். நாட்டைக் காக்க மதில் எழுப்பினான். உள்ளத்தைக் காக்க எதனை எழுப்புவது என்னும் வினா உலகச் சமயங்கள் அனைத்திற்கும் பொதுவானது. அவ்வினாவுக்குக் கிறித்தவம் தந்த விடை தமிழ் மொழியில் எவ்வாறு வடிவுற்றது, கடல் கடந்து பேரா மாநிலத்துப் பால்மரக் காடுகளில் எத்தகைய சோதனைக்கு உள்ளாயிற்று என்பது மலேசியத் தமிழர் வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதியாகும்.

நோக்கும் இசைவும்

காக்க வேண்டியவை அனைத்தினும் இதயத்தையே முதலாவதாகக் காக்க வேண்டும் என்று பழைய ஏற்பாட்டின் நீதிமொழிகள் நூல் அறிவுறுத்துகிறது. பத்துக் கட்டளைகள் பிறன்மனை சேர்தலை விலக்கியதோடு பிறன் மனைவியை விரும்புதலையும் விலக்கின. இயேசு பெருமான் தம் மலைப்பொழிவில் அக்கட்டளையை இன்னும் உட்புறமாகக் கொண்டு சென்றார். ஒரு பெண்ணை இச்சையோடு நோக்குபவன் தன் உள்ளத்தளவில் அப்பிழையைச் செய்து முடித்தவனே என்பது மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் உணர்த்தும் கருத்தாகும். இங்கே ஊன்றி நோக்கத் தக்கது ஒன்றுண்டு. பொறுப்பு முழுவதும் நோக்குபவன்மீதே வைக்கப்பட்டுள்ளது. நோக்கப்படுபவள்மீது அணுவளவும் வைக்கப்படவில்லை.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தவம் புரிந்த துறவியர் இக்கருத்தை ஒரு பயிற்சியாகவே வளர்த்தனர். அவர்களுள் ஒருவரான எவாக்ரியுஸ், மனத்தைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். பின்னர் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாண்டவர் கிரகோரியார் அவற்றை ஏழாக்கினார். தமிழ்க் கத்தோலிக்கர் 'தலையான பாவங்கள் ஏழு' என்று மனப்பாடம் செய்யும் வரிசை இதன் வழிவந்ததே. அவ்வரிசையில் மோகத்திற்கு மாற்றாகக் கற்பும், போசனப்பிரியத்திற்கு மாற்றாக மட்டசனமும் வைக்கப்பட்டுள்ளன.

தீய எண்ணம் உள்ளத்தில் எழுவதே பாவமாகுமா? அகுஸ்தீனார் (354–430) இவ்வினாவுக்குத் தெளிவான விடை கண்டார். தூண்டல், அதில் இன்புறல், அதற்கு இசைதல் என மூன்று படிகள் உள. தூண்டல் எவருக்கும் நேரலாம். இசைவிலேதான் பாவம் முழுமை பெறுகிறது. ஆங்கிலேய எழுத்தாளர் ஜான் பனியன் 1682இல் வெளியிட்ட 'திருப்போர்' என்னும் உருவகக் கதையில் இதே உண்மை வேறு வடிவில் வருகிறது. மனித ஆன்மா அங்கே ஒரு கோட்டை நகரம். கண், காது, வாய், மூக்கு, மெய் என்பன அதன் ஐந்து வாயில்கள். உள்ளிருப்போர் இசைந்தாலன்றி அவ்வாயில்களைப் பகைவன் திறக்க இயலாது. ஐம்பொறி அடக்கத்தை நன்கறிந்த தமிழருக்கு இவ்வுருவகம் புதுமையானதன்று.

தமிழில் வேரூன்றிய வகை

தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களிலேயே இப்பயிற்சி இடம்பெற்றது. அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலை அச்சிட்டார். ஈராண்டுகள் கழித்து, 1580இல், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வோருக்கு வழிகாட்டும் நூல் ஒன்றைக் கொச்சியில் அச்சிட்டார். முத்துக்குளித்துறைப் பரதவர் தம் உள்ளத்தைத் தாமே ஆராய்ந்து காண அந்நூல் துணை நின்றது. தமிழ் அச்சுக்கலையின் தொடக்க காலத்திலேயே மனச்சான்றை ஆய்தல் என்னும் பொருள் தாளேறியது எண்ணி மகிழத்தக்கது.

சொல்லைத் தேர்வதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. தமிழ் மரபில் காமம் என்பது பழிச்சொல் அன்று. அறம், பொருள் ஆகியவற்றோடு ஒருங்கெண்ணப்பட்ட வாழ்வின் உறுதிப்பொருள் அது. பிறன்மனை விழைதலைக் கடிந்த வள்ளுவரே காமத்துப்பாலையும் பாடினார். வீரமாமுனிவர் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமே பெயர்த்தார். 1886இல் முப்பாலையும் ஆங்கிலத்தில் தந்த ஜி. யூ. போப் அவர்களும் மூன்றாம் பாலைப் பற்றித் தொடக்கத்தில் தயக்கம் கொண்டிருந்தார். பின்னர் அதன் தூய்மையை உணர்ந்தார். அன்பு வேறு, இச்சை வேறு என்னும் தெளிவைத் தமிழே அவருக்குக் கற்பித்தது எனலாம்.

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, வளன் என்னும் சூசையப்பரைத் தலைவராகக் கொண்டது. இல்லறத்தில் இருந்துகொண்டே புலனடக்கம் பூண்ட ஓர் ஆண்மகனை அது காப்பியத் தலைவனாக்கியது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், பனியனின் மற்றொரு கதையான மோட்சப் பயணத்தைத் தழுவியது. அதில் வழிப்போக்கன் ஒருவன் மயக்கும் சந்தையையும் வஞ்சகத் துணைகளையும் கடந்து செல்கிறான். பயணம் என்னும் இவ்வுருவகம், கப்பலேறி மலாயாவுக்கு வந்த தமிழரின் வாழ்வில் மெய்யாகவே நிகழ்ந்தது.

லயத்து வாழ்வு

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரா மாநிலமெங்கும் பெருங்காடுகளாயின. அக்காடுகளில் பால்வெட்டத் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. வந்தோருள் ஆடவரே மிகப் பலர். பெண்டிர் மிகச் சிலர். ஊர்ப் பெரியவரும் உற்றார் உறவினரும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டனர். வேலை, கூலி, குடியிருக்கும் லயம் ஆகிய அனைத்தும் துரை, கிராணி, கங்காணி ஆகியோரின் சொல்லைப் பொறுத்திருந்தன. உழைத்துக் களைத்தவனுக்குத் தோட்டத்திலேயே கள்ளுக்கடை திறந்திருந்தது. புறக் காவல் தளர்ந்த அவ்விடத்தில் அகக் காவல் ஒன்றே எஞ்சியது.

தோட்டத் தமிழருள் கிறித்தவர் சிறுபான்மையினரே. குருவானவர் அரிதாகவே வரும் தோட்டங்களில் உபதேசியாரே செபங்களை முன்னின்று நடத்தினார். மாலைச் செபமாலை, இரவில் அன்றைய நாளை ஆராய்தல், தவக்காலத்து ஒறுத்தல் ஆகியவை வெறும் சடங்குகள் அல்ல. தனிமையில் தவிக்கும் மனத்துக்கு அவை வேலியாயின. ஆயினும் தனியொருவனின் மன உறுதி மட்டும் போதாது என்பதை அறிந்த குருக்களும் இருந்தனர். பாரிசு மறைபரப்புச் சபையின் பீ அடிகளார் 1880களில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியமர்த்திய முயற்சி இங்கு நினைவுகூரத் தக்கது. நிலமும் குடும்பமும் கோயிலும் ஒருங்கே அமைந்த ஊரில், அறம் அயலாரின் துணையோடு நிற்கும். மக்களை ஆளற்ற தீவுகளாக்கிவிட்டு அவர்களிடம் ஒழுக்கத்தை மட்டும் எதிர்பார்ப்பது நேர்மையாகாது.

காவல் யார்மீது?

இந்நேர்மையின்மை அன்றைய ஆட்சியாளரிடம் மிகுந்திருந்தது. மலாயாவைப் போலவே இந்தியக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்ட பீஜித் தீவில், 100 ஆடவருக்கு 40 பெண்டிர் என்பதே விதியாக இருந்தது. அங்கு நிகழ்ந்த கொலைகளுக்கும் தற்கொலைகளுக்கும் பெண்டிரின் ஒழுக்கக்கேடே காரணம் என்று அதிகாரிகள் கூறிவந்தனர். கிறித்தவத் தொண்டராக இந்தியாவுக்கு வந்து காந்தியடிகளின் நண்பரான சி. எப். ஆண்டுரூஸ், பியர்சன் என்பாருடன் 1915இல் அங்குச் சென்று ஆராய்ந்தார். குற்றம் பெண்டிரிடத்தில் இல்லை. குடும்பத்தைச் சிதைக்கும் ஒப்பந்த முறையிலேயே உள்ளது என்று 1916இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை எடுத்துரைத்தது. 1920இன் தொடக்கத்தில் பீஜியின் ஒப்பந்தங்கள் யாவும் நீக்கப்பட்டன.

மலாயாவின் சட்டமும் பெண்ணைக் காவலுக்குரிய பொருளாகவே கருதியது. மணமான பெண்ணை ஆசை காட்டி அழைத்துச் செல்பவனைத் தண்டிக்கும் 498ஆம் பிரிவு, இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி இங்கு வந்தது. முறையிடும் உரிமையைக் கணவனுக்கு உரியதாகக் கொண்ட அப்பிரிவில் பெண்ணின் விருப்பத்துக்கு இடமில்லை. பாலின வேறுபாடு காட்டும் அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என 2023 டிசம்பரில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சமயப் பிரசங்கங்களும் இப்பிழையிலிருந்து முற்றும் தப்பியவை அல்ல. உடையையும் நடையையும் குறித்துப் பெண்டிருக்குக் கூறிய அறிவுரை மிகுதி. கண்ணையும் கையையும் குறித்து ஆடவருக்குக் கூறியது குறைவு. அதிகாரம் உடையவன் அதிகாரமற்றவளை நோக்கும் நோக்கே தோட்டங்களில் பெருந்தீங்காக இருந்தது. மலைப்பொழிவோ அந்நோக்கையே முதற் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. போதனையின் கூர்மை, போதித்தவர் நாவில் மழுங்கிப்போனது வருந்தத்தக்கது.

மாறிய களம்

இன்று அப்பால்மரக் காடுகளிற் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஈப்போவிலும் பிற நகரங்களிலும் வாழ்கின்றனர். விடியற்காலைப் பிரட்டு மணி ஓய்ந்துவிட்டது. ஐந்து வாயில்களின்மீது நடக்கும் முற்றுகை ஓயவில்லை. கைப்பேசித் திரையின் வழியே கண்வாயில் இரவும் பகலும் தட்டப்படுகிறது. பெண்ணுக்குப் பாதுகாப்பளிக்கப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் 2022இல் நாட்டில் இயற்றப்பட்டது. சட்டம் செயலைத் தண்டிக்கும். செயலுக்கு முன்னுள்ள நோக்கைத் தண்டிக்க அதனால் இயலாது. அவ்விடத்தில்தான் உள்ளக் காவல் தன் பணியைத் தொடங்குகிறது.

பால்வெட்டுத் தொழிலாளி மரப்பட்டையை மட்டுமே சீவுவான். கத்தி உள்மரத்தைத் தொட்டால் மரம் காயப்பட்டுப் போகும். ஆழத்தை அறிந்த கையே தொழிலறிந்த கை. பிறர் வாழ்வின்மீது படும் நோக்குக்கும் அத்தகைய அளவு உண்டு. அவ்வளவைத் தன் நெஞ்சுக்குத் தானே கற்பிப்பவன் காக்கும் உயிர்கள் இரண்டு. ஒன்று தன்னுடையது, மற்றொன்று பிறருடையது.