பாப்பாத்தியம்மாள் கோயில்

ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் கிறித்தவப் பிள்ளைகள் சிலரின் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். அச்சீமையின் சீர்திருத்தக் கிறித்தவச் சபை வரலாறு ஒரு கைம்பெண்ணிடமிருந்து தொடங்குகிறது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

அவர் தஞ்சை மராட்டிய அரசில் பணிபுரிந்த பிராமணர் ஒருவரின் மனைவி. இயற்பெயர் கோகிலா என்பர். கணவர் இறந்தபின் உடன்கட்டை ஏறவிருந்தவரை லிட்டில்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி காப்பாற்றினார் என்பது செவிவழிச் செய்தி. பின்னர் அவ்வதிகாரியோடு வாழ்ந்த அவர், அவரிடமிருந்தே கிறித்தவ நெறியைக் கற்றார். திருமுழுக்கு வேண்டிச் செருமானியப் போதகர் சுவார்ட்சை அணுகியபோது மறுப்பே கிடைத்தது. மணமாகாமல் ஒருவரோடு வாழ்பவருக்குத் திருமுழுக்கு அளிக்க இயலாது என்றார் போதகர்.

சபையின் விதி அது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வதிகாரி பிறப்பால் கிறித்தவர். அவர் எவரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை. இருவர் வாழ்ந்த வாழ்வுக்கு வாயிலில் காத்து நின்றவர் பெண் ஒருவரே.

அதிகாரி இறந்தபின், 1778-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் அதே சுவார்ட்சு அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். குளோரிந்தா என்பது அவர் பெற்ற புதுப்பெயர். 1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன, முதற்பெயர் அவருடையது. தகப்பன் பெயராலும் கணவன் பெயராலும் பெண் அறியப்பட்ட காலம் அது. அங்கு ஒரு கைம்பெண் தன் பெயராலேயே, அதுவும் பல சாதியினர் அடங்கிய பட்டியலின் தலைப்பில், நிற்கிறார். எனக்கு இந்த ஏடு கோயிலைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

கோயிலும் அவர் கட்டியதே. பெரும்பகுதிச் செலவை அவரே ஏற்றார். 1785-இல் சுவார்ட்சு வந்து அதனைப் படைத்தார். அங்கு பணியாற்றிய சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றார். கட்டிய அம்மையாருக்கு அத்தகுதி எட்டாதது. அந்நாளில் எந்தப் பெண்ணுக்கும் அது இல்லை.

சபை அவரைக் குளோரிந்தா என்றது. ஊராரோ, பிறந்த சாதியை வைத்துப் 'பாப்பாத்தியம்மாள்' என்றே அழைத்தனர். அவர் எதை விட்டு வந்தாரோ அதுவே அவர் எழுப்பிய ஆலயத்திற்குப் பெயராயிற்று. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா, தாம் இந்துவாயிருந்தும், இவரது வாழ்வை 1915-இல் 'கிளாரிந்தா' என்னும் ஆங்கில நாவலாக்கினார்.

1806-இல் அம்மையார் மறைந்தார். கோயில் இன்றும் பாளையங்கோட்டையில் இருக்கிறது. வழி கேட்பவர்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று கேட்கலாம்.