பதவி என்னும் பாரம்: அதிகாரச் சொற்கள் கூறும் வரலாறு

நம் மஹல்லாக்களில் பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தல் நெருங்கும்போது சில வீடுகளுக்கிடையே ஸலாம் கூட நின்றுபோவதுண்டு. முதவல்லிப் பொறுப்பு யாருக்கு என்பதே வழக்காக இருக்கும். அப்பொறுப்பு யாருக்கு உரியது என்று கேட்குமுன், அந்தச் சொல் எதை உணர்த்துகிறது என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பது நலம்.

அரபு மொழியில் வாவ், லாம், யா என்னும் மூவெழுத்து வேர் அண்மையைக் குறிப்பது. அருகிலிருத்தல், அருகிலிருந்து காத்தல், காப்பதற்குப் பொறுப்பேற்றல் என்று அதன் பொருள் விரியும். நிக்காஹ் மஜ்லிஸில் மணமகளின் சார்பில் நிற்கும் 'வலி', இறைநேசரைக் குறிக்கும் 'வலியுல்லாஹ்', மாகாணத்தை நிர்வகித்த 'வாலி', வக்ஃபைப் பராமரிக்கும் 'முதவல்லி' ஆகிய யாவும் இவ்வொரு வேரில் கிளைத்தவையே. மக்களை விட்டு விலகி உயரத்தில் அமர்வதை அன்று, அவர்களுக்கு அருகில் நிற்பதையே இச்சொற்கள் சுட்டுகின்றன.

முதல் தலைமுறையின் சொற்கள்

ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) நபி (ஸல்) அவர்கள் மறைந்தபின் சமுதாயத்தின் தலைமை அபூபக்ர் (ரலி) அவர்களிடம் வந்தது. 'கலீஃபா' என்றால் பின்வந்து ஒருவரின் இடத்தில் நிற்பவர். அவர்களை ஒருவர் 'அல்லாஹ்வின் கலீஃபா' என்று அழைத்தபோது, தாம் அல்லாஹ்வின் தூதருடைய கலீஃபா மட்டுமே என்று திருத்தினார்கள் என்பது வரலாறு. அவர்களது முதல் உரையும் கவனிக்கத்தக்கது. ஆட்சியை ஏற்றுக்கொண்டேன் என்று அவர்கள் தொடங்கவில்லை. மேற்சொன்ன வேரிலிருந்தே பிறந்த 'வுல்லீத்து' என்னும் செயப்பாட்டு வினையை ஆண்டார்கள். 'பொறுப்பாக்கப்பட்டேன்' என்பது அதன் பொருள். தாம் மற்றவர்களைவிடச் சிறந்தவரல்லர் என்றும், தவறினால் தம்மைத் திருத்த வேண்டும் என்றும் அவ்வுரையிலேயே கேட்டுக்கொண்டார்கள்.

ஸகாத் வசூலிக்கவும் ஊர்களை நிர்வகிக்கவும் அனுப்பப்பட்டவர்களுக்கு 'ஆமில்' என்று பெயர். நாம் நற்செயலுக்குச் சொல்லும் 'அமல்' என்பதும், சட்டம் 'அமலுக்கு' வந்தது என்று தமிழ்நாட்டில் யாவரும் சொல்வதும் இதே வேர்தான். ஆமில் என்பவர் வேலை செய்பவர், அவ்வளவே. இப்னுல் லுத்பிய்யா என்னும் ஆமில் வசூலித்த பொருளோடு திரும்பி, ஒரு பகுதி பொதுவுக்கு உரியது என்றும் மற்றது தமக்கு வந்த அன்பளிப்பு என்றும் பிரித்துக் காட்டினார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தந்தையரின் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று மக்கள் முன் வினவினார்கள். பதவிக்கு வரும் பரிசையும் மனிதருக்கு வரும் பரிசையும் பிரித்தறிய இதைவிட எளிய உரைகல் இல்லை.

பதவி கேட்டு வந்த அபூதர் (ரலி) அவர்களிடம், இது ஓர் அமானிதம், உரிய முறையில் நிறைவேற்றாதவருக்கு மறுமையில் இழிவும் வருத்தமும் ஆகும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. அபூதர் (ரலி) அவர்களின் நேர்மையில் யாருக்கும் ஐயமில்லை. ஆயினும் நேர்மை ஒன்றே போதாது, சுமக்கும் வலிமையும் வேண்டும் என்பதே அங்கே பாடம். உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களது சொத்துக்களைப் பதிவு செய்ததும், பின்னர் கூடியிருந்தால் கணக்குக் கேட்டதும் இந்த அச்சத்தின் விளைவே.

'வஸீர்' என்னும் சொல்லோ சுமையையே வெளிப்படையாகப் பேசுகிறது. 'விஸ்ர்' என்றால் பாரம். மூஸா (அலை) அவர்கள் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் தமக்கு வஸீராகக் கேட்ட பிரார்த்தனை தாஹா அத்தியாயத்தில் உள்ளது. தோளில் ஏறும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள ஒருவரைக் கேட்ட பிரார்த்தனை அது.

பட்டங்கள் நீண்ட காலம்

காலம் செல்லச் செல்லச் சொற்களின் நிறம் மாறியது. அபூபக்ர் (ரலி) அவர்கள் மறுத்த 'கலீஃபத்துல்லாஹ்' என்னும் பட்டம் உமையாக்களின் சில நாணயங்களில் பொறிக்கப்பட்டது. குர்ஆனில் சான்று, அதிகாரம் என்னும் பொருளில் வரும் 'சுல்தான்' பின்னர் ஓர் ஆளின் பட்டமாயிற்று. இப்போக்கு உச்சம் தொட்ட இடம் பாக்தாத்.

அப்போது அங்கே கலீஃபாவின் பெயரால் உண்மை அதிகாரம் செலுத்தியவர்கள் புவைஹிகள். ஹிஜ்ரி 429இல் அவர்களுள் ஒருவரான ஜலாலுத் தவ்லா, 'மலிகுல் முலூக்' அதாவது மன்னர்களின் மன்னர் என்னும் பட்டத்தைக் கேட்டுப் பெற்றார். குத்பாவில் அப்பெயர் ஒலித்தபோது மக்கள் கொதித்து, கதீபுகள் மீது கல்லெறிந்தனர். மார்க்க அறிஞர்களிடம் தீர்ப்புக் கேட்கப்பட்டது. மண்ணுலக மன்னர்களைத்தானே இச்சொல் குறிக்கிறது என்று விளக்கம் கூறிப் பலரும் அனுமதித்தனர். காழி அல்மாவர்தி மட்டும் மறுத்தார். தன்னை அரசர்க்கரசன் என்று அழைத்துக்கொள்பவனின் பெயரே அல்லாஹ்விடம் மிக இழிந்தது என்னும் நபிமொழி அவர் முன் நின்றது.

மாவர்தி அந்த அரசரின் நெருங்கிய நண்பர். அரசவைக்கு அன்றாடம் சென்றுவந்தவர். தீர்ப்பு வழங்கியபின் அச்சத்தோடு வீட்டிலேயே அடங்கியிருந்தார். சில மாதங்கள் கழித்து ஜலாலுத் தவ்லாவே அவரை அழைத்தார். மற்றவர்களைவிட என்னிடம் நெருக்கமான நீரே என் விருப்பத்துக்கு மாறாக நின்றீர், மார்க்கத்தைத் தவிர வேறொன்றும் உம்மை அவ்வாறு செய்யத் தூண்டியிராது என்ற கருத்தில் பேசி, அவரது மதிப்பை முன்னிலும் உயர்த்தினார். ஆட்சிப் பதவிகளின் இலக்கணத்தை வகுத்த 'அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா' இதே மாவர்தியின் நூல்தான்.

நம் முன் நிற்கும் சொல்

அண்மை, வேலை, பாரம், அமானிதம் ஆகியவையே அதிகாரத்துக்கு இஸ்லாம் முதலில் இட்ட பெயர்கள். அவற்றை நாம் இன்றும் நாவில் சுமக்கிறோம். பொருளைத்தான் இறக்கி வைத்துவிட்டோம். முதவல்லி என்பவர் வக்ஃபின் உடைமையாளர் அல்லர். யத்தீமின் பங்குக்கும் பள்ளியின் வரவு செலவுக்கும் அருகில் நின்று காப்பவர். அப்பாரத்தைச் சுமக்க ஒருவர் முன்வந்தால் அவரோடு ஸலாமை முறிக்க என்ன இருக்கிறது? அவருக்காக துஆ செய்வோம். அவர் தவறும்போது, அபூபக்ர் (ரலி) அவர்கள் கேட்டுக்கொண்டபடி, திருத்தவும் செய்வோம்.